கணைய ஆபரேஷனுக்குப் பிறகு: பத்தியத்தைத் தளர்த்தி, கேப்சூலோடு சாப்பிட்டு உடம்பைத் தேற்றுவது எப்படி

மதுரையிலோ திருச்சியிலோ கணைய ஆபரேஷன் முடித்துக்கொண்டு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று வீடு திரும்புகிறவருக்கு வாசலிலேயே பத்தியம் காத்திருக்கிறது. எண்ணெய் ஆகாது, கறி ஆகாது, முட்டை சூடு, கஞ்சியும் ரசஞ்சாதமும் போதும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் அன்பால் சொல்வதுதான். ஆனால் வேறு எந்த ஆபரேஷனுக்குப் பொருந்தினாலும் இதற்கு அந்தப் பத்தியம் பொருந்தாது. கணையம் பாதி போன உடம்பு, சாப்பிட்டதையே முழுதாக உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. சாப்பாட்டையும் குறைத்தால் இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிடும். புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனவருக்கு அடுத்து வரும் கீமோதெரபியைத் தாங்கும் தெம்பும் இருக்காது. எனவே சாப்பாட்டைக் குறைக்காமல், அதைச் செரிக்க வைக்கும் கேப்சூலைச் சரியான அளவில், சரியான நேரத்தில் கொடுப்பதே வழி.

எதை எடுத்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனின் பெயர் இருக்கும். விப்பிள் என்றிருந்தால் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்திருக்கிறார்கள். சிலருக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியும் சேர்ந்து போயிருக்கும். டிஸ்டல் என்றால் வால்பகுதி. பெரும்பாலும் மண்ணீரலும் அதோடு போகும். டோட்டல் என்றால் முழுக் கணையமும் போய்விட்டது என்று பொருள். நாட்பட்ட கணைய அழற்சிக்காகக் கல்லை அகற்றிக் கணையக் குழாயைக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன்களும் உண்டு. கணையக் கல்லோடு வரும் அந்த அழற்சி தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் புதிதல்ல. குடிப்பழக்கமே இல்லாத இளவயதினருக்கும் வரும்.

விப்பிளில் செரிமானமும் இரும்புச்சத்தும் அடிபடும். டிஸ்டலில் சர்க்கரையும், மண்ணீரல் போயிருந்தால் நோய் எதிர்ப்பும் அடிபடும். டோட்டலில் கேப்சூலும் இன்சுலினும் ஆயுளுக்கும் வேண்டும். சம்மரியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அவசரத்துக்குப் போகிற மருத்துவமனையில் டியூட்டி டாக்டருக்கு வாயால் விளக்கிப் புரிய வைப்பது கடினம்.

என்சைம் கேப்சூல்

கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற என்சைம்தான் கொழுப்பை உடைக்கிறது. அது குறைந்ததும் சாப்பிட்ட எண்ணெய் அப்படியே வெளியே போகும். மலம் வெளிறி, பசபசவென்று, நாற்றம் தாங்காமல், மிதந்துகொண்டு, இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டும். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் தெரியும். இதைப் பார்த்ததும் 'எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எண்ணெயை நிறுத்துகிறார்கள். உண்மையில் கேப்சூல் போதவில்லை என்று உடம்பு சொல்லும் செய்தி அது.

கிரியான் போன்ற கேப்சூல்களில் 10,000, 25,000, 40,000 என்று எண் இருக்கும். அதுதான் லைபேஸ் யூனிட். பெரியவர்களுக்குப் பொதுவாக முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000, சிறுதீனிக்கு 25,000 என்று தொடங்கி, மலத்தையும் எடையையும் பார்த்து மருத்துவர் ஏற்றுவார். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10,000 யூனிட் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 5 லட்சம் யூனிட். சரியாகச் சாப்பிடும் பெரும்பாலோர் அந்த வரம்புக்கு வெகு கீழேயே நிற்பார்கள். ஆகவே இரண்டு கேப்சூல் போடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

செரிமானத்துக்கு என்று கடையில் கிடைக்கும் சாதாரண என்சைம் சிரப், சப்பும் மாத்திரை எதுவும் இதற்கு ஈடாகாது. அட்டையில் லைபேஸ் யூனிட் எவ்வளவு என்று பாருங்கள். எண்ணே இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

போடும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போட்டால் கேப்சூல் சாப்பாட்டை முந்திக்கொண்டு போய்விடும். எழுந்து கைகழுவிய பிறகு போட்டால் சாப்பாடு முந்திவிடும். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று போட வேண்டும். ஆறின தண்ணீரில் விழுங்குங்கள். சூடான காப்பியோ பாலோ கேப்சூலுக்குள் இருக்கும் குருணையின் மேல்பூச்சைக் கெடுக்கும். மெல்லவோ வாயில் வைத்திருக்கவோ கூடாது, வாய் புண்ணாகும். விழுங்க முடியாதவருக்குக் கேப்சூலைத் திறந்து, குருணையைப் புளிப்புள்ள ஆப்பிள் கூழில் ஒரு கரண்டி கலந்து, உடனே மெல்லாமல் விழுங்கச் செய்து, மேலே தண்ணீர் கொடுக்கலாம். குருணையைப் பொடிக்கக் கூடாது.

வறக்காப்பி, பழம் ஒரு துண்டு, இளநீர் இவற்றுக்குக் கேப்சூல் வேண்டாம். பால் காப்பிக்கு வேண்டும். இதை மறந்துவிட்டு ஒரு நாளில் நாலு டம்ளர் பால் காப்பியைக் கேப்சூல் இல்லாமல் குடித்துவிட்டு, வயிறு ஏன் உப்புகிறது என்று தேடுபவர்கள் நிறைய.

எங்கே வைப்பது? பெரும்பாலான அட்டைகளில் 25 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று இருக்கும். செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் சமையலறை அலமாரியும், காரின் முன்பெட்டியும், மேற்குச் சுவர் ஜன்னலும் ஆகவே ஆகாது. பழைய வீடாக இருந்தால் வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றியுள்ள உள்ளறைகளில், தடித்த சுவரின் தரைமட்டத்தில், மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சி இருக்கும். அதன் சொந்த டப்பாவில், மூடி இறுக்கி, அங்கே வையுங்கள். ஈரம் படக் கூடாது என்பதால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வேண்டாம். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்குவதைவிட மாதாமாதம் வாங்குவது நல்லது. முன்பு சரியாக இருந்த அளவு திடீரென்று வேலை செய்யாமல் போனால், வெப்பத்தில் கெட்டுப்போன டப்பாவாக இருக்கலாம் என்பதையும் நினையுங்கள்.

இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவக் குடும்பத்தாரும் முஸ்லிம் குடும்பத்தாரும் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. பாதியில் யாரோ சொல்லிக் கேட்டு நிறுத்துவதுதான் ஆபத்து. பூஞ்சையிலிருந்து எடுக்கும் என்சைம்களுக்கு இந்த அளவு வீரியம் இல்லை. உயிர்காக்கும் மருந்தாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். மனத்தில் தயக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஊர்ப் பெரியவரிடமும் மருத்துவரிடமும் பேசிவிடுங்கள்.

இதோடு பான்டோப்ரசோல் போன்ற அமில மாத்திரை எழுதியிருந்தால், அது காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு, வெறும் வயிற்றில். குடல் இணைப்பில் புண் வராமல் தடுப்பதும் கேப்சூலை வேலை செய்ய விடுவதும் அதன் பங்கு. 'வெறும் கேஸ் மாத்திரைதானே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என்ன சாப்பிடுவது, எப்படி அளப்பது

ஆபரேஷனுக்குப் பிறகு இரைப்பை சில வாரம் சோம்பலாக இருக்கும். இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும், மாலையில் காலைச் சாப்பாடு எதுக்களிக்கும். எனவே மூன்று வேளை என்பதை ஆறு வேளையாக உடையுங்கள். சாப்பிடும்போது நிறையத் தண்ணீர் குடித்தால் இடம் போய்விடும். அரைமணி கழித்துக் குடிக்கட்டும். இனிப்பு அதிகமாகச் சாப்பிட்ட கால்மணியில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கினால், உணவு குடலுக்குள் வேகமாகக் கொட்டுகிறது என்று பொருள். வெறும் இனிப்பை விட்டு, புரதத்தோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 25 முதல் 30 கலோரி என்று கணக்கு. 50 கிலோ எடைக்கு 60 முதல் 75 கிராம் புரதம், 1,250 முதல் 1,500 கலோரி. இதை நினைவில் வைத்துக்கொண்டு கஞ்சியையும் ரசஞ்சாதத்தையும் பாருங்கள். எவ்வளவு குறைவு என்று விளங்கிவிடும். ஒரு முட்டையில் 6 கிராம், 150 மில்லி பாலில் 5 கிராம், நூறு கிராம் வெந்த மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது.

முதல் இரண்டு மூன்று வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, நெய் விட்ட பருப்பு, அவித்த முட்டை, குழம்பு மீன், தயிர். மீன் கிடைக்கிற நாளில் தொண்டையில் சிக்காத முள்ளற்ற துண்டாகக் கொடுங்கள். மிளகாயை இந்த வாரங்களில் பாதியாகக் குறைத்து, மிளகு, சீரகத்தில் கைவையுங்கள். கல்பாசி, மராட்டி மொக்கு போன்ற மசாலாச் சாமான்கள் கணையத்துக்குப் பகை இல்லை. வாய் பழகி, வயிறு ஏற்க ஏற்க, செட்டிநாட்டுக் கோழிக்குழம்புக்கு மெதுவாகத் திரும்பிவிடலாம்.

எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், ஒதுக்க வேண்டாம். நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ, ஒரு மேசைக்கரண்டி என்பது ஏறத்தாழ 14 கிராம் கொழுப்பு. ஆறு பேருக்கு வைக்கிற குழம்பில் ஆறு மேசைக்கரண்டி ஊற்றினால் தலைக்கு 14 கிராம். 10 முதல் 15 கிராம் கொழுப்புக்கு 25,000 யூனிட் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஜாடியைச் சாய்த்து ஊற்றுகிற கை கரண்டிக்கு மாற வேண்டியதுதான் சமையலறையில் வரவேண்டிய ஒரே பெரிய மாற்றம். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயை அவர் தட்டில் விடாமல் அடியிலிருந்து எடுத்துப் போட்டாலே பாதிக் கணக்கு சரியாகும்.

எடை ஏற நம் வீட்டிலேயே இருக்கும் பண்டம் மாவுருண்டை. பாசிப்பருப்பு 200 கிராமைச் சிவக்க வறுத்து, நைசாக அரைத்துச் சலித்து, அதே அளவு பொடித்த சர்க்கரை கலந்து, 100 கிராம் நெய்யை உருக்கி ஊற்றிச் சூட்டோடு பிடித்தால் 18 உருண்டை வரும். ஒன்றில் ஏறத்தாழ 130 கலோரி, 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் புரதம், 5 முதல் 6 கிராம் கொழுப்பு. ஒரு டம்ளர் பாலோடு இரண்டு உருண்டை சாப்பிட்டால் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகிவிடும். கூடவே 25,000 கேப்சூல் ஒன்று. சலிப்பது முக்கியம், உமியும் பொடியும் தொண்டையில் அடைக்கும். கும்மாயம் என்ற இனிப்பும் அப்படித்தான்: வழவழவென்று இறங்கும், நெய்யும் உளுந்தும் சேர்ந்து தெம்பு தரும். சர்க்கரை நோய் வந்துவிட்டவருக்கு மட்டும் இவை மருந்தாளரையும் மருத்துவரையும் கேட்டுத்தான். அவருக்கு முட்டை, மீன், நிலக்கடலைத் துவையல் வழியாகவே எடையேற்றலாம்.

ஊரே கொண்டாடும் சிறுதானியமும் கவுனி அரிசியும் முதல் சில மாதத்துக்கு அடிப்படை உணவாக வேண்டாம். நார்ச்சத்து வயிற்றை நிரப்பிவிடும், கேப்சூலின் வேலையையும் குறைக்கும். கவுனியை இனிப்பாக ஓரிரு கரண்டி ருசிக்கு வைத்துக்கொள்ளலாம். கீரையை மசித்தும், காயைத் தோல் நீக்கி வேக வைத்தும் கொடுங்கள்.

அளவு போதுமா என்று பார்ப்பது

வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்பு, அதே உடையில், அதே தராசில் எடை போட்டு எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் மருத்துவரைக் கேளுங்கள். கால் வீங்கியிருந்தால் நீர் எடையாகத் தெரிந்து ஏமாற்றும். பாதத்தில் விரலால் அழுத்திக் குழி விழுகிறதா பாருங்கள்.

மலம் எண்ணெயாக இருந்தால் முதலில் மூன்று கேள்வி: ஒவ்வொரு பால் காப்பிக்கும் போட்டாரா? சாப்பிடும்போது போட்டாரா? கேப்சூல் வெயிலில் இருந்ததா? இவை சரியாக இருந்தும் போகவில்லை என்றால் அளவைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அளவு கூட்டியும் வயிறு உப்பி, கேஸ் அதிகமாகி, வயிற்றுப்போக்கு நீடித்தால், குடலில் கிருமி பெருகியிருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு. கேப்சூலை இன்னும் இன்னும் ஏற்றுவது பயன் தராது.

சர்க்கரை

இது சாதாரணச் சர்க்கரை நோய் அல்ல. சர்க்கரையை இறக்கும் இன்சுலினோடு, இறங்கியதை ஏற்றும் குளுககானும் கணையத்திலிருந்தே வருகிறது. இரண்டும் குறைவதால் சர்க்கரை திடுதிப்பென்று தாழும். கேப்சூல் போட மறந்து இன்சுலின் மட்டும் போட்டால், சாப்பிட்டது உடம்பில் சேராமல் இன்சுலின் மட்டும் வேலை செய்து மயக்கம் வரும். மறுபுறம், கேப்சூல் சரியானதும் சர்க்கரை ஏறும். அதைக் கண்டு கேப்சூலை நிறுத்தாதீர்கள். இன்சுலின் அளவை மாற்றச் சொல்லுங்கள்.

கை நடுங்கி, வியர்த்து, தடுமாறினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, அதாவது 15 கிராமை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாவுருண்டையும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அழையுங்கள். டோட்டல் ஆனவர் எந்தக் காரணத்துக்காகவும் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது, சாப்பிட முடியாத நாளிலும்.

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல. கரண்ட் நிற்கிற ஊர்களில், இறுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஈரமான மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து அதில் வைக்கலாம். ஆவியாதலின் குளிர்ச்சி நன்றாகவே தாங்கும்.

முதல் ஆறு வாரம்

குடல் தையலைப் போல வயிற்றுச் சுவரும் ஆற வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள்: ஒரு குடம் தண்ணீர் அதைவிட எடை. கிணற்றில் இறைப்பது, குனிந்து பெரிய கோலம் போடுவது, ஸ்கூட்டர் ஓட்டுவது எல்லாம் பிறகு. படுக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி எழட்டும். திண்ணைப் படி ஏறினால் கைப்பிடித்துக்கொண்டு. நடைக்கு வளவே போதும்: நிழலில், வெயில் படாமல் ஐந்து நிமிடம், நாலு தடவை என்று தொடங்கி, மூன்று நாளைக்கொரு தடவை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். சோர்வு முதல் மூன்று மாதம் இருக்கும். புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு, வீடு வந்த பிறகும் சில வாரம் இரத்தம் உறையாமல் இருக்க ஊசி எழுதியிருப்பார்கள். நாலைந்து நாளில் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும்.

வயிற்றிலிருந்து நீரை வடிக்கும் டியூபோடு வந்திருந்தால் தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதுங்கள். பை இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். பச்சையாக, கலங்கலாக, நாற்றத்தோடு வந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள். இரத்தம் மட்டும் தனி: டியூபில் சிவப்பாக ஒரு கரண்டி வந்தாலும், வாந்தியில், கறுப்பு மலத்தில் தெரிந்தாலும், நின்றுவிட்டது என்று காத்திராமல் கிளம்புங்கள். சில நேரம் முதலில் கொஞ்சமாக வந்து நின்று, சில மணியில் பெரிதாகக் கொட்டும்.

விப்பிள் ஆனவருக்கு நடுக்கத்தோடு குளிர்காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேயிலை நிறமாக இருந்தால், பித்தக்குழாயில் தொற்று என்று எண்ணி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வருடம் கழித்தும் வரலாம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு வாரம் பார்ப்பது இதில் உயிருக்கு ஆபத்து.

மண்ணீரல் எடுத்தவருக்கு நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் தடுப்பூசிகள் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் போடவில்லை என்றால் பொதுவாக இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால் மண்ணீரல் இல்லை என்று சொல்லிக்கொண்டே அவசரப் பிரிவுக்குள் நுழையுங்கள். நாய்க்கடி, பூனைக்கீறல் எதுவும் சிறியதல்ல.

பிறகு பார்க்க வேண்டிய இரத்தப் பரிசோதனை

எதை எப்போது பார்ப்பது என்று மருத்துவர் சொல்வார். வழக்கமாகக் கேட்க வேண்டியவை: ஹீமோகுளோபின், இரும்பு, பி12, விட்டமின் டி, கால்சியம், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி. முன்சிறுகுடல் போனதால் இரும்பு உறிஞ்சுவது குறையும். மாத்திரையைத் தேயிலையோடு போடாதீர்கள். அந்தியில் கண் தெரியாவிட்டால் விட்டமின் ஏ, அடிபடாமலே கன்றிப்போனால் விட்டமின் கே குறைகிறது என்று நினைவூட்டுங்கள். மது, புகையிலை, புகையிலை சேர்த்த வெற்றிலை எதுவும் வேண்டாம். இது பத்தியமல்ல, எஞ்சிய கணையத்தைக் காப்பது. தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறிய பிறகு முதுகுவலி புதிதாகத் தொடங்கினாலோ, கேப்சூல் சரியாக இருந்தும் எடை குறைந்தாலோ அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம்.

கல்யாண வீட்டு இலை

விசேஷத்துக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. செட்டிநாட்டு விருந்து ஒரு மணி நேரம் நீளும், இலையில் நெய்யும் வறுவலும் பாயசமும் அடுத்தடுத்து விழும். ஒரே வேளைக்கு ஒரே கேப்சூல் என்ற கணக்கு இங்கே தோற்றுப்போகும். முதல் கவளத்தில் ஒன்று, கறிக்குழம்போ கூட்டோ விழும்போது இன்னொன்று, பாயசத்துக்கு மூன்றாவது என்று பங்கிட்டுப் போடுங்கள். எத்தனை என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேப்சூலைச் சட்டைப் பையில் வைக்காமல் சிறிய டப்பாவில், காரில் விடாமல், கைப்பையில் எடுத்துப் போங்கள். சர்க்கரை உள்ளவர் இன்சுலினைப் பந்தி தொடங்குவது உறுதியான பிறகு போடட்டும். இடம் பிடித்து, இலை போட்டு, சோறு வருவதற்குள் அரைமணி ஆகிவிடும்.